சி7 வீட்டின் இரண்டு கணக்குகள்

எங்கள் குடியிருப்பின் புகார்த் தளத்தில் வீட்டு எண்தான் பயனர்பெயர். அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும்படி மாற்ற, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் சங்கத்தில் சொன்னார்கள். இருநூறு வீடுகளில் சி7 மட்டும் இடித்தது. அங்கே பெரிய எழுத்தில் ஒரு கணக்கு, சின்ன எழுத்தில் ஒரு கணக்கு.

‘சமையலறைக் குழாய் சொட்டுகிறது’ என்றது பெரிய எழுத்து. ‘குழாயில் கோளாறு இல்லை. அவர் இறுக்கி மூடுவதில்லை’ என்றது சின்ன எழுத்து. ‘பால்கனி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது’ என்றது சின்ன எழுத்து. ‘அணைப்பது அவள் வேலை’ என்றது பெரிய எழுத்து. கணவனும் மனைவியும் வீட்டுக்குள் பேச வேண்டியதை எட்டு மாதமாக எங்கள் தளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.

போன் செய்தேன். மனைவி கோமளவல்லிதான் எடுத்தார்.

“ரெண்டு கணக்கும் இனி ஒண்ணாயிடும் மேடம். ஒரு பாஸ்வேர்டுதான் இருக்கும். உங்களோடத வைக்கவா, சாரோடத வைக்கவா?”

போனில் குழாய் சொட்டுவது கேட்டது. பிறகு போனைச் சற்று விலக்கி, பழக்கம் விட்டுப்போன குரலில் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏங்க.”