மூன்றாம் பயிற்சி

கரும்பலகையில் அரையும் காலும் எழுதிவிட்டுப் புஷ்ரா திரும்பினாள்.

ஆறாம் வகுப்பு மொத்தமும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தது. பி.எட். பயிற்சிக்குப் போன பள்ளியில்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

கடைசி பெஞ்சில் தாளாளர். தனியார் பள்ளி, அவர் தலையாட்டினால் வேலை.

வேலை கிடைத்த மாதிரிதான். டெமோ வகுப்பெல்லாம் சும்மா பேருக்குத்தான் என்று அவரே போனில் சொல்லியிருந்தார். பின்னப் பாடத்தில் மூன்றாம் பயிற்சியை மட்டும் எடுத்தால் போதுமாம். பாடத்தின் நடுவிலிருந்து எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஒரு வார்த்தையை நம்பி, நேற்றே ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினை விட்டு எழுந்துவிட்டாள். லைன் முழுக்க சாக்லேட் கொடுத்தாயிற்று. பக்கத்து மெஷின் செண்பகம் அக்கா கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள்.

இந்த வகுப்புக்கென்று கழிவுத் தோலைப் பொறுக்கி வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுத்ததும் அந்த அக்காதான்.

அரை வட்டத்தோடு கால் வட்டத்தைச் சேர்த்துக் காட்டியதும் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். புஷ்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாளாளர் எப்போது வெளியே போனார் என்றுகூடக் கவனிக்கவில்லை.

மணி அடித்தபோது பயிற்சியும் முடிந்திருந்தது.

முன்பெஞ்ச் ஹரிணி தோல் வட்டங்களை அள்ளிக்கொண்டு போய், மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே தெர்மாகோல் கடிகாரங்கள். தீக்குச்சிக் கட்டுகள். மணி கோத்த சட்டங்கள். ஜிகினா ஒட்டிய சார்ட்டுகள். கை நுழைய இடமில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தி ஆசை ஆசையாகச் செய்திருக்கிறாள்.

“எல்லா டெமோ மிஸ்ஸும் இதுலதான் வெச்சிட்டுப் போவாங்க மிஸ். எங்களுக்குன்னு கணக்கு மிஸ்ஸே கெடயாது. போன வாரம் வந்த மிஸ் ரெண்டாவது பயிற்சி முடிச்சாங்க, இன்னிக்கு நீங்க.”

 

ஹரிணி ஒரு கடிகாரத்தைத் தள்ளி, தோல் வட்டங்களுக்கு இடம் பண்ணினாள்.

தாளாளரைப் பிடித்து நேரிலேயே கேட்டுவிடலாம் என்று புஷ்ரா வராந்தாவுக்கு ஓடினாள். அவர் தூணில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நாலாவது பயிற்சி மட்டும் எடும்மா, போதும். டெமோ எல்லாம் சும்மா பேருக்குத்தான்.”