இருட்டக் காத்திருக்கும் ஹனுக்கா

ஹோபார்ட் துறைமுகப் பூங்காவில், யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் எட்டாவது மாலை இருட்டவே மாட்டேன் என்கிறது. டிசம்பர் மாதக் கோடை வெளிச்சம் படகுகளின் பாய்மரங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாம் டோனட்டுகள் தீர்ந்து, சர்க்கரைத்தூள் படிந்த தட்டுகளைக் கடற்புறாக்கள் கொத்துகின்றன; மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கார்களுக்குள் போகின்றன. எட்டு மெழுகுவத்திகள் நட்ட விளக்கின் முன்னால், அவற்றை ஏற்றுவதற்கான ஒன்பதாவதைக் கையில் பிடித்தபடி ஹெர்ஷல் மாமா வானத்தைப் பார்த்து நிற்கிறார். "இப்பவே ஏத்திடுங்க மாமா, பிள்ளைங்கல்லாம் தூங்கி விழறாங்க," என்கிறேன். "பகல்ல ஏத்தின விளக்கு யார் கண்ணுல படும்? நட்சத்திரம் வரட்டும். அவசரம்னா நீ கிளம்பும்மா." "ஃப்ரூமா மாமி இருந்திருந்தா தீப்பெட்டியை உங்ககிட்ட கொடுத்தே இருக்க மாட்டாங்க." போன வருடம் வரை மாமிதான் ஏற்றினார். மாமா சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு சற்றுத் தாமதமாக வருகிறது. மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு வருகிறேன். அவளுக்கு பெல்ட் போட்டு, நானும் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு நிமிரும்போது மலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறது. புல்வெளியில் அவரைத் தவிர யாருமில்லை. கையிலிருக்கும் மெழுகுவத்தியைப் பற்றவைக்கிறார். உதடுகள் அசைந்து ஜெபத்தைச் சொல்லி முடிக்கின்றன. ஆனால் சுடரை மற்றவற்றுக்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிற்கிறார். மாமி ஜெபம் சொல்வார், மாமா ஆமென் சொல்வார். தன் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. "ஆமென்," என்கிறேன், மூடிய கண்ணாடிக்கு உள்ளே இருந்து. மகள் மட்டும் தூக்கத்தில் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.