குளிர்ச்சிக்கு வந்த சோதனை

"உன் முதுகு சிவந்தால் என் பெயர் கெட்டுவிடும்! உன் முதுகு சிவந்தால் என் பெயர் கெட்டுவிடும்!" காலையிலிருந்து சோதனைக்கூடத்தின் ஜன்னலோரத் தொட்டியில் கற்றாழை இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது.

கீழே, கூண்டில் இருந்த முயலுக்குப் பொறுமை போயிற்று. அதன் முதுகில் இரண்டு இடத்தில் ரோமத்தை மழித்து, ஒன்றில் முகக் கிரீமில் சேர்க்கப்போகிற கற்றாழைச் சாற்றையும், மற்றதில் வெறும் தண்ணீரையும் தடவியிருந்தார்கள். சாறு பட்ட இடம் திகுதிகுவென்று எரிந்தது.

"எரிச்சல் எனக்கு, புலம்பல் உனக்கா? நன்றாயிருக்கிறது அக்கா!"

"ஊரே என்னைப் பூசிக் குளிர்கிறது. உன் தோல்தான் சரியில்லை. டாக்டரம்மா வருவதற்குள் தண்ணீர் பட்ட இடத்தையும் சொறிந்து சிவக்க வைத்துவிடு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் என்மேல் பழி வராது."

"தண்ணீர் என்ன பாவம் செய்தது? அதெல்லாம் என்னிடம் நடக்காது."

கதவு திறந்தது. முயல் கம்பியோரம் வந்து, இரண்டு இடமும் வெளிச்சத்தில் தெரியும்படி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, சாற்றுப் புட்டியைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

"அக்கா, நீதான் பேர்போன குளிர்ச்சியாயிற்றே," என்றது முயல். "எரிகிற இடத்தில் உன் மடல் ஒன்றைக் கொஞ்சம் வையேன்."

கற்றாழை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.