ஐம்பத்தைந்தில் இறந்தவர்

கண்ணம்மாளின் இடது பெருவிரலில் மை தடவியாகிவிட்டது. மடியில் இருந்த மகள் அதைத் தொடக் கை நீட்டவும், விரலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா சாட்சிக்குத்தான் கண்ணம்மா. வச்சுட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான் அண்ணன் பொன்னுத்துரை.

வக்கீல் ஜமால் முகமதுவுக்கு அன்று இது நான்காவது கிரயப் பத்திரம். வெயிலில் மண்டை காய்ந்து, வாய் தன்பாட்டில் வாசித்துக்கொண்டு போனது. "தாயார் முந்தியே இறந்து, தகப்பனாரும் 1955-ல் காலமானபடியால், அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நாலு ஏக்கர் தென்னந்தோப்பு மகனாகிய எனக்கு மட்டுமே பாத்தியப்பட்டு, இந்த 1965-ம் வருஷம்..."

இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதியே மனிதர் சலித்துப் போயிருந்தார். திண்டுக்கல்லில் அவர் பார்க்காத பத்திரம் இல்லை. அவர் பேரில் ஒரு சென்ட் நிலமும் இல்லை.

கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தபடி, ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு முடியப் போகுதுய்யா."

"தோடு நல்லாருக்கே. மாமன் சீரா?"

"மாமன் மடியில வச்சுத்தான் காது குத்துனோம். தோடு எங்கப்பா எடுத்தது. இவ அழுததுக்கு அவரும் சேந்து அழுதாரு," என்று சிரித்தாள் கண்ணம்மாள்.

பொன்னுத்துரை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தார். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுத் தொலைத்தாகிவிட்டது. மேஜையில் காத்திருந்த மற்றப் பத்திரங்களைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"துரை, பொம்பளப் புள்ளைக்கும் அப்பன் சொத்துல பங்குன்னு அம்பத்தாறுல சட்டம் வந்துச்சு. அதுக்குப் பெறகு எங்கிட்ட வாரவுக அப்பன் ஒருத்தரும் சாகல. அம்புட்டுப் பேரும் அம்பத்தஞ்சுலயே போய்ச் சேந்துட்டாக. நானும் ஒண்ணும் கேக்காம எழுதிக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வக்கீலய்யா, பஸ்ஸு..."

வக்கீல் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணம்மாளின் விரல் இன்னும் உயரத்திலேயே நின்றது.

"மையத் தொடச்சிரு தாயி. தோப்புல பாதி உன்னுது."