பன்னிரண்டாவது ஏவுகணை

"மச்சான், மூக்கு லேசா இடது பக்கம் சாயுதே!"

"பக்கத்துல வந்து பாக்காதீங்க மாமா. பத்தடி தள்ளி நின்னு பாருங்க. எண்ண வர்ற எதிரி நாட்டு ஆளு அங்கதான் நிக்கணும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கே?"

அணு ஏவுகணைக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். வரிசையில் பதினொன்று அசல். பன்னிரண்டாவது போன மாதம் கிரேனிலிருந்து விழுந்து நசுங்கிவிட்டது. அதன் இடத்தில் நிற்பது, கதவு ஜன்னல் செய்து பிழைக்கும் அவர் மனைவியின் தம்பி செய்த மர ஏவுகணை.

"பன்னிரண்டு இருந்தாத்தான்யா, 'நாங்க நாலைக் குறைக்கிறோம், நீயும் நாலைக் குறை'ன்னு அடுத்த வாரம் பேரம் பேச முடியும். எண்ணிக்கை குறைஞ்சுது, நீ ஜெயில்ல இருப்பே" என்று ஜெனரல் சொல்லியிருந்தார். ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற இன்னும் ஏழே மாதம்.

எதிரி நாட்டு இன்ஸ்பெக்டர் சரியாகப் பத்து மணிக்கு வந்து இறங்கினார். இவர்கள் மொழியை ஆறு வருடம் படித்தவர். அதில் சிரிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பெயிண்ட் உதிர்ந்தால் பூசிவிட ஆள் வேண்டுமே என்று மச்சானுக்கு டெக்னீஷியன் உடுப்பு மாட்டி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதற்கு எதிரே நின்றுவிட்டார். அதன் காலடியில் கொஞ்சம் மரத்தூள். பிறகு மச்சானைப் பார்த்தார். பாவி, காதில் பென்சிலைச் செருகியிருந்தான்.

"இவர் யாரு?"

"டெ... டெக்னீஷியன் சார். ரொம்ப சீனியர்."

"எதுல?"

"மூக்குல சார்" என்றான் மச்சான்.

செத்தோம் என்று ஸ்டோர் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இன்ஸ்பெக்டர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: 'பன்னிரண்டு. சரி.' கீழே கையெழுத்தும் போட்டார்.

ஸ்டோர் கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் உங்க ஆளுங்க எங்க கிடங்குல எண்ண வர்றாங்க, இல்ல?"

"ஆமா சார்."

"அதுக்கு முன்னாடி உங்க டெக்னீஷியனை ஒரு வாரம் எங்ககிட்ட அனுப்ப முடியுமா?" இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பன்னிரண்டையும் கரையான் அரிச்சுடுச்சு."