ஷோக்கு

பாக்கியத்துக்குக் கல்யாண வளையல் போட்டு முடித்ததும், வளையல்காரி ஜைத்தூன் பீ அருகில் இருந்த அக்கா ராயம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் போட்டுக்க கண்ணு. ஷோக்கா கீறே."

ராயம்மாள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். சிறு வயதில் அம்மை வார்த்து, முகமெல்லாம் தழும்பு. செஞ்சிக் கடைத்தெருவில் ‘ஷோக்கு’ என்ற அந்த வார்த்தை எப்போதும் அவளைத் தாண்டிப் போய்த் தங்கையின் மேல்தான் விழும். சைக்கிளில் போகிற பையன்கள் பாதி சீட்டியும் பாதி சொல்லுமாக அதை வீசிவிட்டுப் போவார்கள்.

"கேலி பண்ணாதீங்க பீயம்மா."

ஜைத்தூன் பீ அவசரப்படவில்லை. ராயம்மாளின் விரல் மூட்டுகளை மெல்லப் பிசைந்து கையைக் குவித்தாள்.

சாய்ந்த வெயில் சரம் சரமாகத் தொங்கிய வளையல்களுக்குள் புகுந்து, பச்சையும் சிவப்புமாக மூன்று பேர் மேலும் ஊர்ந்தது. தெருக்கோடியில் கோட்டை மலை கானலில் மிதந்தது.

"அழகுன்னா நெனச்சிக்கினே? எங்க பாஷைல ஷௌக்குன்னா ஆசை. பாக்கறவங்க மனசுல கெளம்புது பாரு, அதுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. அப்பறந்தான் பொண்ணுங்க மேல வந்து ஒட்டிக்கிச்சி."

முதல் வளையல் வலிக்காமல் ஏறியது.

ஆசை. அந்தச் சொல் ராயம்மாளுக்குள் எங்கோ ஆழத்தில் போய் இறங்கியது.

இரண்டாவது ஏறியது. மூன்றாவது.

பார்க்கிறவர் மனதில் கிளம்புவது என்றால், இப்போது இந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளேதான். வேறு யாரும் இல்லை. கையை லேசாகத் திருப்பினாள். கண்ணாடி வளையல்கள் கிணுகிணுத்தன. அது தன் கைதானா என்று இருந்தது. தெருவில் மாட்டுவண்டிகள் போன சத்தம்கூட வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அடுத்த கையையும் நீட்டினாள்.

பாக்கியம் திடுக்கிட்டு, அக்காவின் காதருகே குனிந்தாள்.

"யக்கா, காலைல பாண்டிச்சேரி பஸ்சு..."

கன்னியர் மடத்தில் சேரப் போகிறவள் ராயம்மாள். தகரப்பெட்டி கட்டி வைத்தாயிற்று. பெரியவளை மாதாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சின்னவள் கல்யாணம் என்று நைனா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அவளை யாரும் கேட்டதில்லை.

ராயம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"நைனாகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றாள்.