இரைச்சல்

கல்குவாரித் தொழிலாளர் வீடொன்றில் எடுத்த பேட்டியை அனிஸ்டா வகுப்பில் போட்டுக் காட்டியபோது, "துளி இரைச்சல் இல்ல, பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் பேராசிரியர். பின்னணியில் கொர்கொர்ரென்று வந்ததையெல்லாம் அவள் மூன்று நாள் உட்கார்ந்து துடைத்திருந்தாள். போனில் இடமில்லையென்று மூலப்பதிவையும் அழித்துவிட்டாள்.

பத்தாம் நாள், பேட்டி கொடுத்த இசக்கியம்மாள் கல்லூரிக்கே வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரவுக போயிட்டாக தாயீ. நான் பேசையில பக்கத்துக் கட்டில்ல இழுத்துக்கிட்டுதான கெடந்தாக? அந்த மூச்ச ஒருக்கா போட்டுக் காட்டு."

"ஒரு நிமிசம் உக்காருங்கம்மா" என்ற அனிஸ்டா, ஒலிப்பதிவு அறைக்குள் ஓடித் தாழிட்டாள். மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, நெஞ்சு எரிய எரிய, மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தாள்.